மணிவிழா மலரில் விடுபடும் பக்கம்

வடமராட்சியில் ஒரு மணிவிழா அழைப்பிதழ் வந்தால் உறையைப் பிரிக்காமலே நிகழ்ச்சி நிரலைச் சொல்லிவிடலாம். மங்கள விளக்கேற்றல், தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. அதன்பின் வாழ்த்துரைகள், அவற்றுக்குக் கணக்கில்லை. சட்டமிட்ட வாழ்த்துப்பாவை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். பொன்னாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழா நாயகரின் கழுத்து மறைந்துவிடும். ஏற்புரைக்கு அவர் எழும்பும்போது மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். பின்வரிசைகள் சாப்பாட்டு மண்டபத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். எல்லோருக்கும் நன்றி சொல்லி, பெற்றோரையும் குருவையும் நினைந்து, மனைவியின் பொறுமையைப் புகழ்ந்து ஐந்து நிமிடத்தில் அவர் இருந்துவிடுவார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஊருக்கு வேலை செய்தவர் அவர். மூன்று மணிநேரம் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்பது மட்டும் மண்டபத்தில் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

வல்வெட்டித்துறை போன்ற ஊரில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது. வெளியுலகம் இந்த ஊரை ஒரே ஒரு மனிதரின், விடுதலைப் புலிகளின் தலைவரின், பிறந்த இடமாகத்தான் அறிந்திருக்கிறது. அந்தப் பெயர் ஊரின் மற்ற எல்லாக் கதைகளையும் மூடிக்கொண்டது. அதற்கு முந்திய வல்வெட்டித்துறை (வல்வை), பாய்க்கப்பல்களின் ஊர். ரங்கூனுக்கும் காக்கிநாடாவுக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வந்த தண்டையல்மாரின் ஊர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் படத்தோடு எழுதின. கப்பலைக் கட்டிய மேத்திரிமார் அந்த நாட்களில் என்ன கூலி வாங்கினார்கள், மரத்தை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று தேடினால் நம்மிடம் ஒரு கணக்குப் புத்தகம்கூட இல்லை.

நீந்தியவர்களின் கதை இதைவிடப் பரவாயில்லை. அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திப் போனார், 27 மணித்தியாலம். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே கடலை நீந்திப் போய், திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். கடிகாரம் பிடித்து எழுதிவைத்தார்கள், ஆகவே நிலைத்தது. பொதுச்சேவைக்கு அப்படிக் கடிகாரம் பிடிக்க யாரும் பக்கத்துப் படகில் வருவதில்லை.

ஏன் அறுபதாவது வயதில் விழா எடுக்கிறோம் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் காரணம் இருக்கிறது. பிரபவ தொடங்கி அட்சய வரை தமிழாண்டுகள் அறுபது. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் அறுபது நிறையும்போது மறுபடி வருகிறது. வாழ்க்கைச் சில்லு ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டது என்று கணக்கு. எண்பதில் சதாபிஷேகம், ஆயிரம் பிறை கண்டதற்கு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு 29½ நாளென்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் ஆயிரம் பிறைக்கு 80 ஆண்டும் ஒன்பது பத்து மாதமும் வரும். எண்பதாம் பிறந்தநாளிலேயே சதாபிஷேகம் செய்கிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் இவற்றுக்குத் திருக்கடையூருக்குப் போவார்கள். அறுபதாண்டுச் சுழற்சி நமக்கு மட்டும் உரியதும் அல்ல. யப்பானிலும் அறுபது வயதை 'கன்ரெக்கி' என்று கொண்டாடுகிறார்கள். பிறந்த ஆண்டு திரும்பி வந்ததால் மறுபடி குழந்தை ஆனார் என்று சிவப்புத் தொப்பியும் கையில்லாத சிவப்புச் சட்டையும் போட்டுவிடுவார்கள். அங்கே ஒரு சட்டையோடு முடிந்துவிடுகிறது என்பதைப் பொன்னாடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து மணிவிழாவுக்குப் பஞ்சாங்கத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது கச்சேரி தந்தது. இலங்கை அரச சேவையில் கட்டாய ஓய்வு வயது நெடுங்காலமாக அறுபது. 2022 தொடக்கத்தில் அதை 65 ஆக உயர்த்தினார்கள். பொருளாதாரம் விழுந்த அந்த ஆண்டின் முடிவிலேயே மறுபடி 60 ஆக்கினார்கள். ஆகவே ஓர் அதிபருக்கோ பிரதேச செயலாளருக்கோ நகரசபைச் செயலாளருக்கோ மணிவிழாவும் பிரியாவிடையும் ஒரே நாளில் வந்து விழுகின்றன. தமிழ்நாட்டில் இப்படிப் பொருந்தியதில்லை. அங்கே ஓய்வு வயது 58 ஆக இருந்தது, 2020 இல் 59, 2021 இல்தான் 60. அதனால் அங்கே அறுபதாம் கல்யாணம் பெரும்பாலும் குடும்ப விழாவாக நின்றது. இங்கே அது பாடசாலை மண்டபத்துக்கும் கலாசார மண்டபத்துக்கும் வந்து, பணிநயப்பு விழா, சேவைநலன் பாராட்டு விழா என்று ஊர் விழாவாகிவிட்டது.

யாரைப் பாராட்டுகிறார்கள்? பொதுச்சேவகர் என்றால் நாற்காலியில் இருக்கும் சேர்மன்தான் முதலில் நினைவுக்கு வருவார். வல்வெட்டித்துறையின் அண்மைக்கால வரலாற்றைப் பார்த்தால் அந்த நாற்காலி வெறுமையாக இருந்த காலமே நீளம். 1983 மே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கப் போனவர்கள் மிகச் சொற்பம். அடுத்த தேர்தல் 1998 இல், அதற்கடுத்தது 2011 இல், பிறகு 2018 இல். 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே மாதம் வரை மறுபடி தேர்தல் இல்லை. நாற்பது ஆண்டுகளில் மக்கள் பிரதிநிதிகள் கூடி நகரசபை நடத்திய ஆண்டுகளை எண்ணினால் பாதிக்கும் வராது.

அந்தக் காலம் முழுவதும் குப்பை அள்ளப்பட்டது. தெருவிளக்கு எரிந்தது, அல்லது எரியாததற்கு யாரோ ஏச்சு வாங்கினார். மயானத்துக்கு விறகு போனது. சங்கக்கடைக்கு அரிசி வந்தது. இவற்றைச் செய்தவர்கள் செயலாளர், எழுதுவினைஞர், வரி அறவிடுபவர், மேற்பார்வையாளர், சுகாதாரத் தொழிலாளி, கூட்டுறவுச் சங்க முகாமையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர், விதானையார். விதானை முறையை அரசு 1963 இல் ஒழித்துக் கிராம சேவகரைக் கொண்டுவந்தது. அந்தப் பதவிப் பெயரும் பிற்பாடு கிராம அலுவலர் என்று மாறியது. சனம் மாறவில்லை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் 'விதானையாரிட்டைக் கையெழுத்து வாங்கவேணும்' என்றுதான் சொல்கிறது.

அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1987 மே மாத இறுதியில் இலங்கை இராணுவம் வடமராட்சியில் பெரும் நடவடிக்கை தொடங்கியபோது வல்வெட்டித்துறை ஏறக்குறைய முழுதாக இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது சோறு, அடுத்தது கடதாசி. யார் எந்த வீட்டில் இருந்தார்கள், எத்தனை பேர், குழந்தை எத்தனை மாதம் என்று உறுதிப்படுத்த ஊரை அறிந்த ஒருவர் வேண்டும். நிவாரண அட்டை, வதிவிடச் சான்று, அடையாள அட்டைக்கான சிபாரிசு எல்லாம் ஒருவருடைய ஞாபகத்தையும் அவர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓடிய பதிவேட்டையும் நம்பி நின்றன. பல கிராம அலுவலர்கள் அலுவலகம் எரிந்தபின் கோயில் மடத்திலும் பள்ளிக்கூட வாங்கிலும் இருந்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பதிவேட்டை எப்படிக் காப்பாற்றினார் என்பது ஒரு மணிவிழா மலருக்குரிய கட்டுரை. மலரில் அந்த இடத்தில் 'அன்னார் அன்பும் பண்பும் ஒருங்கே அமையப்பெற்றவர்' என்றிருக்கும்.

எழுதிவைப்பதன் பெறுமதியை வல்வெட்டித்துறைக்கு யாரும் போதிக்கத் தேவையில்லை. 1989 ஆகஸ்ட் 2 ஆம் திகதி தொடங்கி இந்திய அமைதிப்படையினர் ஊருக்குள் அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். ஊரின் பிரஜைகள் குழு அப்போது செய்த வேலை இலகுவானதல்ல. இறந்தவர்களின் பெயர், வயது, எங்கே, எப்படி, எரிந்த வீடு யாருடையது, கண்டவர்கள் யார். வாக்குமூலங்களைச் சத்தியக் கடதாசிகளாக எடுத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வந்தபோது கையில் கொடுக்கப் பட்டியல் இருந்தது. இந்தியாவிலேயே அது நூலாக அச்சாகி, வியற்நாமின் மைலாய்ப் படுகொலையோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டது. படைகள் சூழ்ந்து நிற்கக் கொப்பியும் பேனையுமாக வீடு வீடாகப் போனவர்கள் இளைப்பாறிய உத்தியோகத்தரும் ஆசிரியரும் கடைக்காரருமான சாதாரணர்கள். அவர்களுடைய சேவைக்குச் சம்பளப் பட்டியலும் இல்லை, ஓய்வூதியக் கோவையும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் மனித வாழ்க்கையை அச்சில் ஏற்றும் மரபு இரண்டு உண்டு. ஒன்று கல்வெட்டு. மற்றவர்கள் கல்லில் பொறித்ததைச் சொல்லும் இந்தச் சொல்லை நாங்கள் ஒரு சிறு புத்தகத்துக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் கொடுப்பது: படம், வம்சவரலாறு, புலம்பற்பா, தேவாரத் திரட்டு. மற்றது மலர். மணிவிழா மலர், பவளவிழா மலர், சேவைநயப்பு மலர். கல்வெட்டுக்கு ஒரு நியாயமான சாட்டு இருக்கிறது: ஆளைக் கேட்க முடியாது. மலருக்கு அந்தச் சாட்டு இல்லை. ஆள் முன்னால் நாற்காலியில், மாலையோடு, நல்ல ஞாபகத்தோடு இருக்கிறார். ஆனாலும் மலர்க்குழு அவரைக் கேட்பதில்லை. முப்பது பேரிடம் வாழ்த்துச் செய்தி கேட்டு அலைகிறது. அமைச்சரின் செய்தி பிந்தியதால் அச்சகம் காத்திருந்த கதையெல்லாம் உண்டு.

இவற்றை ஏளனம் செய்து ஒதுக்கவும் முடியாது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றோடு வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஊர் வரலாறு எழுதப் புறப்படும் இளையவருக்கு இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் இந்த மலர்களும் கல்வெட்டுகளும்தான். 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய எண்ணிமத் திட்டம் அவற்றை ஆயிரக்கணக்கில் தேடி மின்வருடி வைத்திருக்கிறது. பழைய மலர் ஒன்றைத் திறந்து பக்கம் பக்கமாகப் போனால் வாழ்த்துகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு வரி பளிச்சிடும்: இன்ன ஆண்டு இன்ன ஒழுங்கைக்கு மின்சாரம் வந்தது, இன்ன காணியை இன்னார் பாடசாலைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆய்வாளர் அறுபது பக்கத்தையும் புரட்டுகிறார்.

எரிந்த அந்த நூலகமே ஓர் அரச ஊழியர் தொடங்கிய காரியம். க. மு. செல்லப்பா நீதிமன்ற உத்தியோகத்தர். 1933 இல் தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறைக்கு வந்தது. 1959 இல் திறந்துவைத்த வெள்ளைக் கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். அலுவலக நேரம் முடிந்தபின் இரவல் பதிவு எழுதிய உத்தியோகத்தரைத் தெரிந்தவர்கள் குறைவு.

வாழும்போது பாராட்டியதால் நல்ல விளைவு வந்த இடங்களும் தமிழில் உண்டு. உ. வே. சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்று மட்டுமே நினைக்கிறோம்; உத்தியோகத்தால் அவர் கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசாங்கக் கல்லூரி ஆசிரியர். 1935 மார்ச்சில் அவருடைய சதாபிஷேகத்தைச் சென்னைப் பல்கலைக்கழக மண்டபத்தில் கொண்டாடினார்கள். பொன்னாடையோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊர் ஓயவில்லை. 1940 இல் ஆனந்த விகடன் அவரைத் தம் கதையைத் தாமே எழுதவைத்தது. 'என் சரித்திரம்' 1942 இல் அவர் காலமாகும்போது முடியவில்லை. வாழ்வின் பிற்பகுதிக்கு வந்து சேருமுன்னே நின்றுவிட்டது. ஐந்தாண்டு முந்தித் தொடங்கியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் அந்தப் புத்தகத்தை மூடும் எவருக்கும் வரும்.

தெல்லிப்பழையில் இன்னொரு வழி. துர்க்கையம்மன் கோயிலைக் கட்டியெழுப்பிய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 1925 சனவரி 7 இல் பிறந்தவர், ஆசிரியையாகக் கடமையாற்றியவர். 1982 இல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய பிறந்தநாள் அறக்கொடை விழாவாக மாறியது. அம்மாவுக்குக் கொடுக்க வந்தவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2008 இல் அவர் மறைந்த பின்னும் சனவரி 7 அந்தப் பெயரோடு தொடர்ந்தது. பிறந்தநாளை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வடக்கில் இல்லை என்றே சொல்வேன்.

மூன்றாமவரைப் பற்றி எழுத வல்வெட்டித்துறையிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம் சைக்கிள் மிதித்தால் போதும். தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வடமராட்சிக் கடனீரேரி, நடுவே கதவுகள். கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து, மழைநீரைத் தேக்கி, ஏரியை மெல்ல மெல்ல நன்னீராக்குவது நோக்கம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் பெய்வது சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கூடுதலாக இறைத்தால் உப்பு மேலே வரும். கரையோர வல்வையில் கிணறுகள் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் ஒரு திட்டம் கொடுத்தார். கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி, வடமராட்சி ஏரி வழியாகக் குடாநாட்டுக்கு ஓர் ஆற்றையே கொண்டுவருவது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேர் எடுத்தது. வேலைகள் பாதியில் நின்றன. ஆறு இன்னும் வரவில்லை.

ஆறுமுகம் ஓய்வுபெற்ற பிறகு செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. அணைகளையும் குளங்களையும் பற்றி எழுதிய அதே கணக்குப் பார்க்கும் கையால் மனிதர்களைப் பற்றித் தொகுக்கத் தொடங்கினார். இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதி 1997 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பிறப்பு, கல்வி, வகித்த பதவி, செய்த வேலை என்று ஒவ்வொருவருக்கும் சில வரி. ஓர் அரச ஊழியர் மற்ற மனிதர்களுக்குச் செய்த மரியாதை அது.

வல்வெட்டித்துறையில் அடுத்த விழாவுக்குக் குழு கூடும்போது, காசுக்குக் குறையிருக்காது. லண்டனிலும் கனடாவிலும் வல்வை நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன; சித்திரையில் முத்துமாரியம்மன் தீர்த்தத்துக்கும் இந்திரவிழாவுக்கும், தைப்பொங்கல் பட்டப்போட்டிக்கும் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குகிறார்கள். ஊரில் படிப்பித்த ஆசிரியர், ஊரில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவமாது என்றால் வாரிக் கொடுக்கிறார்கள். அந்தக் காசில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கும் வர்ண அச்சுக்கும் போகிறது. போகட்டும், விருந்தில்லாத விழாவை வடமராட்சி மன்னிக்காது. வாழ்த்துச் செய்திகளில் இருபதைக் குறைத்தால் இருபது பக்கம் மிஞ்சும். அதை அவரிடமே கொடுக்கலாம்.

எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் எழுதமாட்டார்கள். 'நான் என்ன பெரிசாச் செய்தனான்' என்று கையை விரிப்பார்கள். பேரப்பிள்ளை ஒருவர் கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் பேசுவார்கள். கேட்கத் தெரிய வேண்டும். உங்கள் சேவையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் உபதேசம்தான் வரும். வேலையில் சேர்ந்த முதல்நாள் அலுவலகத்தில் எத்தனை கதிரை இருந்தது என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு? 1987 இல் பதிவேடுகளை எங்கே வைத்தீர்கள்? கரண்ட் இல்லாத ஆண்டுகளில் நகரசபைக் கணக்கை எந்த வெளிச்சத்தில் எழுதினீர்கள்? எந்த மதகு எந்த மாரியில் உடைந்தது, எந்தக் கிணறு எப்போது உவர்த்தது? யார் உங்களோடு சண்டை பிடித்தார்கள், அதில் யார் சரி? கடைசிக் கேள்விக்கு மலரில் இடம் கிடைக்காது, ஒலிப்பதிவில் இருக்கட்டும்.

தோற்றுப்போன முயற்சிகளையும் கேட்க வேண்டும். போட முடியாத வீதி, கிடைக்காத காணி, கச்சேரியில் தூசி படிந்த கோவை. இவையெல்லாம் அடுத்து அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவருக்குப் பயன்படும். பாராட்டு விழாவில் தோல்வியைப் பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள், ஆறுமுகத்தின் ஆறு எழுபது ஆண்டுகளாக வரவில்லை என்பதையும் அதனால் அவருடைய மதிப்புக் குறையவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

விழாவுக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் இருக்கும்போதே பதிவைத் தொடங்குங்கள். எழுதி முடித்ததை அவரிடமே வாசித்துக் காட்டித் திகதிகளைச் சரிபாருங்கள். மலர் அச்சானதும் மண்டபத்தில் பங்கிடுவதற்கு முன் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை நூலகம் நிறுவனத்தின் மின்வருடலுக்கும் எடுத்து வையுங்கள். ஏற்புரையை நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாகப் போட்டுவிடுங்கள். சனம் பசியில்லாமல் இருக்கும் நேரம் அது.